பொட்டும் இனாமும்: முத்துலட்சுமி ரெட்டியின் இருபதாண்டுச் சட்டப் போராட்டம்

தேவதாசி முறை எப்போது ஒழிந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் 1947 என்பார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவை இருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில்தான் பொட்டுக் கட்டுவதை, அதாவது சிறுமிகளைக் கடவுளுக்கு மணமுடித்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கை, குற்றமாக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் நிறைவேறியது. விடையில் பிழையில்லை. ஆனால் அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, 1929இல், இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அது யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. எந்தச் சடங்கையும் தடை செய்யவில்லை. நிலத்தைப் பற்றி மட்டுமே பேசியது. அந்த முறையின் அடிக்கல்லைப் பெயர்த்தது அந்தத் திருத்தம்தான் என்பது என் முடிவு. இரண்டுக்கும் பின்னால் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரை 'முதல் பெண்' என்ற பட்டங்களின் வரிசையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். சட்டத்தின் வழியாக ஒரு சமூக வழக்கத்தை அவர் எப்படி அணுகினார், எதில் வென்றார், எதைக் கவனிக்கத் தவறினார் என்பதை இந்த ஆய்வில் பார்ப்போம்.

பணியும் காணியும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயில் பணி செய்யும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தியதைச் சொல்கிறது. அவரவர் பெயர், எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெருவில் எந்த வீடு என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் உண்டு. ஒருவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது.

சோழர் காலத்துப் பெண்களின் நிலையும் 20ஆம் நூற்றாண்டில் 'தேவதாசி' என்று அழைக்கப்பட்டவர்களின் நிலையும் ஒன்றல்ல. நடுவில் நாயக்கர், மராட்டியர் ஆட்சிகளும், பாளையப்பட்டுகளும், கம்பெனி ஆட்சியும் வந்துபோயின. கோயிலின் கையிருப்பும் அரசவை ஆதரவும் சுருங்கச் சுருங்க, இந்தப் பெண்களின் வாழ்க்கை பணக்கார ஆண்களின் தயவில் மேலும் மேலும் சாய்ந்தது. ஆனால் கல்வெட்டில் காணும் அந்த ஏற்பாட்டின் சாரம் கடைசிவரை மாறவில்லை. பணி செய்பவருக்கு மானியம் உண்டு. பணி நின்றால் மானியமும் போகும்.

இதன் விளைவை ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தால் புரியும். இனாம் நிலம், அதாவது பணிக்காகக் கொடுத்த மானிய நிலம், தாயின் பெயரில் இருக்கிறது. அவள் கோயிலில் கும்ப ஆரத்தி எடுக்கிறாள், உற்சவத்தில் ஆடுகிறாள். அவளுக்குப் பின் அந்தப் பணியைச் செய்ய வீட்டில் பொட்டுக் கட்டிய ஒரு பெண் வேண்டும். மகள் இருந்தால் மகள். இல்லாவிட்டால் ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுவான இந்துச் சட்டத்தில் பெண்ணுக்கு இல்லாத இந்தச் சுவீகார உரிமையை, தாசிக் குடும்பங்களின் வழக்கம் என்ற அடிப்படையில் மதராஸ் உயர் நீதிமன்றம் அங்கீகரித்திருந்தது. ஆக, சொத்து பெண்வழி வந்தது. அந்தச் சொத்தைக் காப்பாற்றத் தலைமுறைக்கு ஒரு சிறுமியைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டியும் வந்தது. மகளை வெளியே மணம் முடித்துக் கொடுக்க விரும்பிய தாய், நிலத்தை இழக்கத் துணிய வேண்டும். அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபச்சாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் ஏற்கனவே தண்டித்தன. 1924இல் வயது வரம்பு 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆனாலும் பொட்டுக் கட்டு நடந்துகொண்டே இருந்தது. கோயிலில் நடந்தது கடவுளோடு திருமணம் என்று குடும்பம் சொல்லும். சில ஆண்டுகள் கழித்து நடக்கப்போவதைத்தான் அன்றே மனதில் வைத்திருந்தார்கள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். எத்தனை காவல் நிலையங்கள் அதற்கு முன்வரும்?

சட்டமன்றத்துக்கு வந்த மருத்துவர்

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள், எந்தச் சமூகத்தைப் பற்றி மகள் பின்னாளில் சட்டமன்றத்தில் வாதாடினாரோ அதே சமூகத்தில் பிறந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புத் தகுதியோடு வெளியே வந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பணிகளில் குறுக்கிடக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே சம்மதித்தார்.

மதராஸ் மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டது; சொத்துத் தகுதி இருந்ததால் அது சிலருக்கே எட்டியது. சட்டமன்றத்தில் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஒரு பெண்ணாவது அவையில் இருக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் வற்புறுத்தியது. லண்டனில் உயர் மருத்துவப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த முத்துலட்சுமியின் பெயரை அது முன்வைத்தது. நியமன உறுப்பினராக 1927இல் அவைக்குள் சென்ற அவரை, அவை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அவருக்குப் பின்னால் தொகுதியும் இல்லை, கட்சியும் இல்லை. நியமன உறுப்பினர் ஒருவருக்கு இது பெரிய பலவீனம். அவர் அதை வேறு வகையில் ஈடுகட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்தும் தீர்மானம் என்று அவர் எழுப்பியவை எல்லாம் மருத்துவமனையில் நேரில் கண்டவற்றிலிருந்து வந்தவை. பன்னிரண்டு வயதில் கருவுற்ற சிறுமியின் பிரசவத்தைப் பார்த்த ஒரு மருத்துவரிடம் சாஸ்திரத்தைக் காட்டி வாதிடுவது எளிதல்ல.

தீர்மானமும் திருத்தமும்

1927 நவம்பரில், இந்துக் கோயில்களுக்குச் சிறுமிகளையும் இளம்பெண்களையும் நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அவை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்கு ஒரு பரிந்துரை மட்டுமே. 1857க்குப் பிறகு சமய வழக்கங்களில் கைவைக்க பிரிட்டிஷ் அரசு தயங்கிக்கொண்டே இருந்தது. அவைக்கு உள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. காங்கிரஸின் சிறந்த பேச்சாளரான சத்தியமூர்த்தி கோயில் மரபில் சட்டம் தலையிடுவதை எதிர்த்தார். அவருக்கு முத்துலட்சுமி கொடுத்ததாகச் சொல்லப்படும் சூடான பதில் மேடைகளில் இன்றும் கைதட்டல் வாங்குகிறது. அந்தக் கைதட்டலில் அவருடைய உண்மையான திறமை மறைந்துபோகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவருடைய திறமை அடுத்த அடியை எங்கே வைத்தார் என்பதில் இருக்கிறது.

பனகல் அரசர் மாகாண முதலமைச்சராக இருந்த காலத்தில் உருவான இந்து சமய அறநிலையச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. கோயில் சொத்தை ஒழுங்குபடுத்த மாகாண அவைக்கு அதிகாரம் உண்டு என்பது அந்தச் சட்டத்தோடு முடிவாகிவிட்டது. முத்துலட்சுமி அதில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1929ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமாக அது நிறைவேறியது. அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கோயில் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு தேவதாசிகள் வைத்திருந்த இனாம், நிலமாக இருந்தாலும் நிலவருவாய் உரிமையாக இருந்தாலும், அந்த நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்படும். அதற்கு ஈடாக ஒரு தீர்வை விதிக்கப்படும். அனுபவித்து வந்த பெண்ணிடமே சொத்து நிற்கும். கோயிலில் ஆடவோ ஆரத்தி எடுக்கவோ அவளுக்குக் கடமை இல்லை.

இதில் சடங்கைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொட்டுக் கட்ட விரும்புகிறவர்கள் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்ற அச்சம் நீங்கியது. மகளைப் பள்ளிக்கு அனுப்பலாம், மணம் செய்து கொடுக்கலாம். சோறு போட்ட நிலம் அப்படியே இருக்கும். குற்றவியல் சட்டம் ஒரு தாயைப் பார்த்து 'செய்யாதே' என்று மட்டுமே சொல்லியிருக்கும். இந்தத் திருத்தம் 'செய்யாவிட்டாலும் உனக்கு ஒன்றும் குறையாது' என்றது. ஏழைக் குடும்பத்துக்கு இவ்விரண்டில் எது உதவும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திருத்தத்தின் ஒரு பக்கவிளைவையும் சொல்லத்தான் வேண்டும். பணியோடு பிணைந்திருந்தவரை அந்த நிலம் பெண்ணின் கையில்தான் இருக்க முடியும். பிணைப்பு அவிழ்ந்ததும் அது மற்ற நிலங்களைப் போல ஆகிவிட்டது: விற்கலாம், பிரிக்கலாம், சகோதரர்களும் மகன்களும் பங்கு கேட்கலாம். பெண்வழி வந்த சொத்து நாளடைவில் ஆண்வழிக்குத் திரும்பிய கதையைப் பின்னாளைய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நடன ஆசிரியர்களான நட்டுவனார்களும், நாதசுரமும் தவிலும் வாசித்த பெரியமேளக் கலைஞர்களுமான ஆண்கள் ஒழிப்பு இயக்கத்தைப் பெரிதும் ஆதரித்ததற்குச் சுயமரியாதை உணர்வு ஒரு காரணம். வீட்டுக்குள் பெண்ணுக்கு இருந்த மேல்நிலை மாற வேண்டும் என்ற எண்ணமும் சிலருக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதிர்த்த பெண்கள்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் பகுதி இதுதான். முத்துலட்சுமியை எதிர்த்தவர்கள் சனாதனிகள் மட்டுமல்லர். தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து அரசுக்கு மனுக்கள் அனுப்பினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தெலுங்குக் கவிஞர் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' நூலை 1910இல் பதிப்பித்து, ஆபாசம் என்று அரசு தடை விதித்தபோதும் அசையாதவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பத் தன் பொருளைக் கொடுத்தவர். இப்படி ஒரு பெண்ணைப் பார்த்து 'உன் நன்மை உனக்குத் தெரியாது' என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

அவர்களுடைய வாதம் தெளிவானது. எங்களில் சிலர் வழிதவறினார்கள் என்பதற்காக ஒரு சமூகம் முழுவதையும் விபச்சாரிகள் என்று முத்திரை குத்தாதீர்கள். எங்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது, கல்வி இருக்கிறது, கலை இருக்கிறது. இவை மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லை. குறை இருந்தால் எங்களுக்குச் சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியும் கொடுங்கள். பழைய பெருமையை நாங்களே மீட்டுக்கொள்கிறோம்.

முத்துலட்சுமி இதற்குச் செவிசாய்க்கவில்லை. ஒரு மருத்துவராக அவர் பால்வினை நோய்களையும் சீரழிந்த சிறுமிகளையும் பார்த்தவர். தாய்வழியில் அந்த வாழ்க்கையின் அவமானத்தை அறிந்தவர். அவருடைய பேச்சுகளில் கற்பு, ஒழுக்கம், இல்லறம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பப் பெண்ணே அவருக்கு அளவுகோல். அந்த அளவுகோலில் நாகரத்தினம்மாளுக்கோ வீணை தனம்மாளுக்கோ இடமில்லை. இது அவர் பார்வையின் எல்லை. ஆயினும் மனு கொடுத்த பெண்கள் வளர்ந்தவர்கள். தங்களுக்காகப் பேசத் தெரிந்தவர்கள். பொட்டுக் கட்டப்பட்டதோ ஏழெட்டு வயதுச் சிறுமிகளுக்கு. அந்தச் சிறுமிகளின் சார்பில் முடிவெடுக்க வேண்டியிருந்தால் நானும் முத்துலட்சுமியின் பக்கம்தான் நிற்பேன்.

அதே சமூகத்திலிருந்து மறுபக்கம் நின்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தன் வாழ்க்கையிலிருந்தே இந்த முறையை அறிந்தவர் அவர். தஞ்சைப் பகுதி ஊர்களில் இந்தக் குடும்பங்களிடையே நேரில் போய்ப் பேசினார். சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். 1936இல் தன் அனுபவங்களைப் புதினமாக எழுதி வெளியிட்டார். சட்டமன்றத்தில் ஒலித்த குரலுக்கு ஊரில் ஆதரவு உண்டு என்பதை நிறுவியவர்களில் அவரே முதன்மையானவர்.

கிடப்பில் கிடந்த மசோதா

பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை முத்துலட்சுமி 1930இல் அவையில் வைத்தார். அந்த ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைது செய்யப்பட்டபோது உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். கொண்டுவந்தவர் அவையில் இல்லாமல் மசோதா கிடப்பில் விழுந்தது. 1937இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையிலும் அது சட்டமாகவில்லை. பிறகு போரும் ஆளுநர் ஆட்சியும் வந்தன. 17 ஆண்டுகளுக்குப் பின், கோயில் நுழைவுச் சட்டம் வந்த அதே 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் அது சட்டமானது.

அந்தச் சட்டம் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது செல்லாது என்றது. முன்பே பொட்டுக் கட்டப்பட்டவளும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றது. மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடை செய்தது. இந்தக் கடைசித் தடையில் ஒரு கலையின் மூல மேடை ஒரே நாளில் மூடப்பட்டது.

மேடை மூடப்பட்டாலும் ஆட்டம் நிற்கவில்லை, இடம் மாறியது. 1932இன் இறுதியில் முத்துலட்சுமியும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரும் தேவதாசிகள் ஆடிவந்த நடனமான சதிர் பற்றிப் பத்திரிகையில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். கிருஷ்ண ஐயர் கலையைக் காப்போம் என்றார். முத்துலட்சுமி அந்தக் கலையின் பெயரால் பெண்கள் சுரண்டப்படுவதைப் பார் என்றார். இருவரும் ஒரு வகையில் வென்றார்கள். சதிர் 'பரதநாட்டியம்' ஆனது. மியூசிக் அகாதமி மேடைக்கு வந்தது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். உயர்சாதிக் குடும்பப் பெண்கள் பெருமையோடு ஆடத் தொடங்கினார்கள். கோயில் திண்ணைகளில் அதைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களின் பெண்களில், பாலசரஸ்வதியைப் போன்ற மிகச் சிலரே மேடையில் நின்றார்கள். மற்றவர்கள் தங்கள் பரம்பரையைச் சொல்லவே கூசி வாழ்ந்தார்கள். ஆடத் தெரிந்த பெண்ணுக்கு ஆசிரியை வேலை, கலைஞர் உதவித்தொகை என்று ஒரு வரியாவது அந்தச் சட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவ்வை இல்லம்

வாழ்வாதாரம் என்ற கேள்வி அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. 1930இல், பொட்டுக் கட்டிலிருந்து தப்பிய சில இளம்பெண்கள் அடைக்கலம் கேட்டு அவரிடம் வந்தார்கள். நகரில் இருந்த மாணவியர் விடுதிகள் சாதியைக் காரணம் காட்டி அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அடையாறு அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சாதி பார்க்காமல் தங்குமிடமும் படிப்பும் தொழிற்பயிற்சியும் கொடுத்த அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. அரசு செய்ய மறந்த மறுவாழ்வை ஒரு தனிமனுஷி தன் சக்திக்கு ஏற்பச் செய்த முயற்சி அது.

அவருடைய வாழ்க்கையின் பின்பாதி புற்றுநோய்க்கு உரியது. தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்த துயரம் அவரை விடவேயில்லை. பல ஆண்டுகள் அரசோடு வாதாடி, நன்கொடை திரட்டி, 1952இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை நாட்டின் முன்னணி நிலையங்களில் ஒன்றாக வளர்த்தார்கள். முத்துலட்சுமி 1956இல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

சட்டம் எட்டாத ஊர்கள்

1947ஆம் ஆண்டுச் சட்டம் அன்றைய மதராஸ் மாகாணம் முழுவதற்கும் பொருந்தியது. ஆந்திர மாவட்டங்களும் பல்லாரியும் அதில் அடக்கம். ஆனால் கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் இதே நோக்கத்துக்குப் புதிய சட்டங்கள் இயற்ற வேண்டிவந்தது. பல்லாரிப் பக்கம் பசவிகள், சித்தூர்ப் பக்கம் மாத்தம்மாக்கள் என்று நேர்ந்துவிடும் வழக்கம் தொடர்ந்தது. தமிழகத்தின் பெரிய கோயில்களில் இரண்டு தலைமுறைக்குள் அடங்கிய வழக்கம் அங்கே ஏன் அடங்கவில்லை?

1929ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. காவிரிக் கரையின் கோயில் தாசிக்கு நிலம் இருந்தது. அதை அவளுக்கே கொடுத்ததும் அவள் குடும்பம் வெளியேற ஒரு வழி பிறந்தது. பசவிகளும் மாத்தம்மாக்களும் பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள். விடுவிக்க அவர்களிடம் இனாம் எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது தண்டனைச் சட்டம் மட்டும்தான். தண்டனைச் சட்டம் மட்டும் போன இடங்களில் வழக்கம் மறைவாக நீடித்தது. சாதி இழிவையும் நிலமின்மையையும் தொடாமல் பொட்டை மட்டும் அறுக்க முடியாது என்பதற்கு அந்த ஊர்களே சாட்சி.

முத்துலட்சுமியின் சொந்த ஊர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்ததால் 1948 மார்ச்சில்தான் மதராஸோடு இணைந்தது. அந்த மண்ணில் விராலிமலை முருகன் கோயிலுக்குச் சிறுவயதில் பொட்டுக் கட்டப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். கோயில் பணி நின்ற பின்பும் சதிரை விடாமல் ஆடியும் பாடியும் வந்த அவருக்கு இந்திய அரசு 2022இல்தான் பத்மஸ்ரீ கொடுத்தது.

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று முத்துலட்சுமியின் பெயரில் நடக்கிறது. ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. இரண்டிலும் பணம் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 44-ஏ பிரிவை எழுதியவரின் பெயரை வைக்க இதைவிடப் பொருத்தமான திட்டம் எனக்குத் தோன்றவில்லை.